சீருடை களைந்த நால்வர்

கலை வரலாற்றை மேதைகளின் பெயர் வரிசையாகக் கற்றும் கற்பித்தும் பழகிவிட்டோம். இன்னார் இன்ன ஆண்டிற் பிறந்தார், இன்னின்னவற்றை இயற்றினார் என்பதோடு நம் பாடம் முடிந்துவிடுகிறது. இயற்றியதை வாசித்தவர் எவர்? அவருக்குப் படியளந்தவர் எவர்? எவருடைய மண்டபத்தில், எவருடைய பொழுதுபோக்கிற்காக அவர் வாசித்தார்? இவ்வினாக்களை எழுப்பாத வரையில் இசையானது வானத்திலிருந்து இறங்கியதாகவே தோன்றும். ஐரோப்பியச் செவ்வியல் இசையில் இவற்றுக்குத் தெளிவாக விடை கூறும் வடிவம் ஒன்று உண்டு. அதுவே தந்தி நால்வரிசை.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, கருவிகள் இவ்வளவே. முன்னின்று கோலசைத்து நடத்துபவர் இல்லை. ஒரு குரலை ஒருவரே வாசிப்பதால், ஒருவருடைய பிழை இன்னொருவருடைய ஒலியில் மறைவதும் இல்லை. பக்கவாத்தியம் என்ற நம் கருத்தோடு இதனை அணுகுவோர் ஏமாந்துபோவர். இங்கு நால்வரும் பிரதானிகள், நால்வரும் துணைவர்கள். வயலினில் மெட்டுக் கட்டைகள் இல்லையாதலின் ஒவ்வொரு சுரத்தையும் விரல் தேடிப் பிடித்தல் வேண்டும். தனியே கேட்கையில் பிசகற்ற சுரம், மூவர் ஒலியோடு சேர்கையில் பிசகாகிவிடும். ஆதலால் செல்லோவின் ஆழ்ந்த குரலைச் செவியில் நிறுத்தி, மற்றையோர் தம் சுரத்தை ஒரு நூலளவு உயர்த்தியோ தாழ்த்தியோ பொருத்துகின்றனர். வில்லின் எப்பகுதியால் இழுப்பது, எங்கே மூச்செடுப்பது என்பனவெல்லாம் ஒத்திகையில் வாதாடி முடிவு காண வேண்டியவை. இத்தகைய வாதம் நிகழ்வதற்கு, நால்வரும் வாய் திறக்க உரிமையுடையோராய் இருத்தல் வேண்டும். அவ்வுரிமை எளிதில் வந்ததன்று.

இவ்வடிவின் தந்தை எனப் போற்றப்படும் யோசப் ஹெய்டன் 1732 இல் ஒஸ்திரியாவின் ரோராவு என்ற சிற்றூரில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1750 களில் ஃபூர்ன்பெர்க் என்ற பிரபுவின் நாட்டுப்புற மாளிகைக்கு இளைஞராகச் சென்றபோது, அங்கு வாசிக்கக் கிடைத்தவர்கள் ஊர்ப் பாதிரியார், பண்ணையின் காரியத்தர், ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்ற செல்லோ வாசிப்பவர், ஹெய்டன் ஆகிய நால்வரே. இருந்தவர்களைக் கொண்டு இசை நடந்தது. பெரும் வடிவங்கள் சில இத்தகைய தற்செயலிலும் பிறப்பதுண்டு.

1761 மே முதலாம் நாள் எஸ்டர்ஹாசிக் கோமகனின் அரண்மனையிற் பணி ஏற்றபோது ஹெய்டன் ஒப்பமிட்ட ஒப்பந்தத்தை, இசை மாணவர் அனைவரும் ஒருமுறையேனும் படித்தல் நன்று. வெண்ணிறக் காலுறை அணிந்து, தலைக்கு மாப்பூசி, சீருடையில் தோன்றுதல் வேண்டும். நண்பகலுக்கு முன்னும் பின்னும் முன்கூடத்திற் காத்து நின்று, இன்று இசை வேண்டுமா என்ற கட்டளையை அறிதல் வேண்டும். கோமகன் விரும்புவதை இயற்றுதல் வேண்டும். இயற்றியதைப் பிறர் எவருக்கும் படியெடுத்துக் கொடுத்தலாகாது. சமையற்காரனின் கறி எவ்வாறு எசமானனின் சொத்தோ, அவ்வாறே இசைஞரின் சிந்தனையும் எசமானனின் சொத்து! கோமகன் நிக்கொலாஸ் பாரிட்டன் என்ற வாத்தியத்தைத் தாமே வாசிப்பவர். அவருக்கென ஹெய்டன் நூற்றுக்கு மேற்பட்ட மூவரிசைகளை இயற்றித் தள்ளினார். அவ்வாத்தியத்தை இன்று அறிந்தோர் மிகச் சிலர்.

எனினும் சீருடைக்குள் இருந்த மனிதர் உறங்கிவிடவில்லை. 1772 இல் அவர் இயற்றிய இருபதாம் எண் தொகுதியின் இரண்டாம் நால்வரிசை எவ்வாறு தொடங்குகிறது என்பதைக் கவனிப்போம். பாட்டைப் பாடுவது செல்லோ. அதுகாறும் தலைமை தாங்கிய முதல் வயலின் வில்லைத் தாழ்த்தி மௌனமாகக் காத்திருக்கிறது. அரண்மனை வரிசைமுறையில் கடைசியில் நின்றவன் முதலிற் பேசுகிறான். இதை அரசியல் என்று ஹெய்டன் நினைத்திருப்பாரா? நினைத்திருக்க மாட்டார் என்பதே நம் எண்ணம். ஆயினும் காலத்தின் காற்று முன்கூடத்துச் சாளரங்களையும் கடந்து வீசியது.

1779 இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தில், பிறருக்குக் கொடுத்தலாகாது என்ற விதி நீங்கியது. உடனே வணிகம் நுழைந்தது. 1781 இல் இயற்றிய ஆறு நால்வரிசைகளைக் கையெழுத்துப் படிகளாக விற்க ஹெய்டன் தாமே கடிதங்கள் எழுதினார். மறு ஆண்டில் வியன்னாவின் அர்த்தாரியா நிறுவனம் அவற்றை அச்சிட்டது. பிரபுவின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. சந்தையும் எசமானனே, ஐயமில்லை. ஆனால் அது முன்கூடத்தில் நிற்கச் சொல்வதில்லை. 1790 இல் நிக்கொலாஸ் இறந்தபின் ஹெய்டன் லண்டனுக்குச் சென்றார். அங்கு, காசு கொடுத்து நுழைவோர் நிறைந்த மண்டபத்தில் சலமன் என்ற வயலின் கலைஞர் வாசிப்பதற்காக 1793 இல் எழுதப்பட்ட நால்வரிசைகள் பெரும்பாலும் உரத்த ஒலியோடு தொடங்குகின்றன. பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டுமல்லவா!

வியன்னாவில் 1804–05 குளிர்காலத்தில், இக்னாட்ஸ் ஷுப்பான்சிக் என்ற வயலின் கலைஞர் சந்தா செலுத்துவோருக்கென நால்வரிசைக் கச்சேரிகளை நடத்தினார். வீட்டாரும் விருந்தினரும் தம் இன்பத்திற்காக வாசித்து வந்த இசை இப்பொழுது தொழிற் கலைஞரின் மேடைக்கு ஏறியது. எனினும் பிரபுக்களின் பிடி முற்றாக விடவில்லை. 1808 இல் ருஷ்யத் தூதர் ரசுமோவ்ஸ்கி, ஷுப்பான்சிக்கையும் தோழர்களையும் தமக்கென அமர்த்திக்கொண்டார். வயலினிற் கைதேர்ந்த அவர் சிலபோது இரண்டாம் வயலினை ஏந்தித் தாமும் அமர்ந்தார். அவர் பெயரால் வழங்கும் பீத்தோவனின் மூன்று நால்வரிசைகளுள் இரண்டில் ருஷ்ய நாட்டுப்பாடல்கள் ஒலிக்கின்றன. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட குடியானவனின் பாட்டு, அவன் எசமானனின் அரண்மனைக்கு அணிகலனாய்த் திரும்பி வந்தது. 1814 டிசம்பர் 31 ஆம் நாள் அவ்வரண்மனை தீப்பற்றியது; 1816 இல் நால்வரும் பணியினின்று விடுவிக்கப்பட்டனர். ஷுப்பான்சிக் ருஷ்யாவுக்குச் சென்று 1823 இலேயே மீண்டார்.

அவர் மீண்டபின் நிகழ்ந்ததே நம் கதையின் நடுமையம். பீத்தோவனின் நூற்றிருபத்தேழாம் எண் நால்வரிசையை வாசிக்கும் பொறுப்பு ஷுப்பான்சிக், ஹோல்ட்ஸ், வைஸ், லிங்கே ஆகியோரிடம் வந்தது. அவர்களுள் ஹோல்ட்ஸ் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். தத்தம் கடமையைச் செவ்வனே செய்வதாக நால்வரிடமும் பீத்தோவன் வேடிக்கையாகக் கையொப்பம் வாங்கினார். வேடிக்கை பலிக்கவில்லை. 1825 மார்ச் 6 இல் நடந்த அரங்கேற்றம், போதிய ஒத்திகை இன்மையாற் தோல்வியுற்றது. சினங்கொண்ட பீத்தோவன் அதனை யோசப் பேம் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார்.

பேம் பிற்காலத்திற் கூறிய செய்தி நெஞ்சை நெகிழ்விப்பது. முற்றாகச் செவிடாகிவிட்ட பீத்தோவன், ஒத்திகையின்போது ஒரு மூலையிற் குந்தியிருந்து விற்களின் அசைவையே கண்கொட்டாது நோக்குவாராம். வேகம் எள்ளளவு பிசகினும் விற்களைக் கண்டே திருத்துவாராம். இறுதிப் பகுதியில் ஓரிடத்தில் வேகத்தைக் குறைக்குமாறு அவர் எழுதியிருந்தார். அது இசையின் வலிமையைக் குன்றச் செய்வதாகப் பேம் கருதினார். நால்வரும் அவ்விடத்தில் வேகத்தைக் குறையாது வாசித்தனர். வாசித்து முடிந்ததும் பீத்தோவன் எழுந்தார். அப்படியே இருக்கட்டும் என்ற பொருள்படச் சுருக்கமாகச் சொன்னார். நால்வரின் ஏடுகளிலும் தாம் எழுதியதைத் தம் கையாலேயே அடித்துவிட்டார். கட்டளைக்காக முன்கூடத்திற் காத்து நின்ற ஹெய்டனின் நிலையிலிருந்து இந்தக் காட்சி வரை அறுபத்து நான்கு ஆண்டுகள். வாசிப்பவனின் உழைப்பிலும் சிந்தனை உண்டு என்பதை அம்மாமேதை தயக்கமின்றி ஏற்றார்.

அதன்பின் மேடைகள் பெருகின. லண்டன் சென்ட் ஜேம்ஸ் மண்டபத்தில் 1859 இல் தொடங்கிய திங்கட்கிழமைக் கச்சேரிகளில் ஒரு ஷில்லிங்கிற்கு நால்வரிசையைக் கேட்க முடிந்தது. கூலியாளுக்கு ஒரு ஷில்லிங்கும் பெருந்தொகையே. எனினும் கதவு சற்றுத் திறந்தது. அம்மேடையில் 1869 முதல் வில்மா நெருடா என்ற பெண் முதல் வயலினில் அமர்ந்து ஆடவர் மூவருக்குத் தலைமை தாங்கினார்.

திறந்த கதவை அறைந்து மூடியது பாசிசம். 1933 இல் ஹிட்லர் ஆட்சி ஏறியதும், யூதரல்லாதவரும் ஜெர்மனி கொண்டாடிய கலைஞருமான அடொல்ஃப் புஷ், யூதர் மீதான கொடுமைகளைக் கண்டு அந்நாட்டில் தம் கச்சேரிகள் அனைத்தையும் கைவிட்டார். 1881 முதல் வியன்னா இசைநாடக அரங்கின் வாத்தியக் குழுவில் முதல் வயலினாக விளங்கிய ஆர்னல்ட் ரோசே, தம் பெயரிலேயே புகழ்பெற்ற நால்வர் குழுவையும் நடத்தியவர். 1938 இல் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, யூதர் என்பதால் அம்முதியவர் வெளியேற்றப்பட்டார். அவருடைய மகள் அல்மாவும் வயலின் கலைஞரே. அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிப் பெண்களின் வாத்தியக் குழுவை அவர் நடத்த நேர்ந்தது. கைதிகள் காலையில் வேலைக்கு நடத்திச் செல்லப்படுகையிலும் மாலையில் திரும்புகையிலும் அக்குழு வாசித்தது. எசமானனின் கட்டளைக்கு இசைக்கும் சீருடை மீண்டும் வந்தது, கைதியின் உடையாக. 1944 ஏப்ரலில் அல்மா அம்முகாமிலேயே மாண்டார். தந்தை 1946 இல் லண்டனில் இறந்தார்.

அதே வியன்னாவிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத இளைஞர் மூவர் நோர்பேர்ட் பிரைனின், சீக்மண்ட் நிசல், பீட்டர் ஷிட்லொஃப் என்போர். நாசிகளிடமிருந்து ஓடி வந்தவர்களைப் பிரித்தானிய அரசு 1940 இல் பகைநாட்டார் எனக் கூறி முகாம்களில் அடைத்தது! அம்முகாம்களிலேதான் அவர்கள் ஒருவரையொருவர் கண்டனர். விடுதலையான பின்னர், தாமும் அகதியாக வந்தவரான மக்ஸ் ரொஸ்டால் ஊதியம் பெறாது அவர்களுக்குக் கற்பித்தார். மூவரும் வயலின் வாசிப்போர்; நால்வரிசைக்கோ வயோலா வேண்டும். ஷிட்லொஃப் தம் வயலினை விடுத்து வயோலாவை எடுத்துக்கொண்டார். செல்லோவுக்கு மார்ட்டின் லவெற் என்ற ஆங்கிலேய இளைஞர் வந்து சேர்ந்தார். 1948 சனவரி 10 இல் லண்டன் விக்மோர் மண்டபத்தில் அமாடியஸ் குழு என்ற பெயரோடு மேடையேறிய அந்நால்வரும், ஒருவரும் மாறாது முப்பத்தொன்பது ஆண்டுகள் சேர்ந்து வாசித்தனர்.

1987 இல் ஷிட்லொஃப் காலமானார். மற்றைய மூவரும் அவ்விடத்திற்கு வேறொருவரைத் தேடவில்லை, குழுவைக் கலைத்துவிட்டனர்.