மூன்று சக்கரமும் ஒரு சட்டச் சொல்லும்

காட்பாடியில் கிளம்பும் டவுன் பஸ் வேலூர் ஊருக்குள் நுழைந்து, தொரப்பாடி தாண்டி, பாகாயத்தில் போய் நிற்கும். சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம். 1966இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களுக்கு, எழுந்து உட்காருவதில் தொடங்கி வீல்சேரில் ஏறி இறங்குவது வரை கற்றுக்கொடுத்து ஊருக்கு அனுப்பும் இடம் அது. பனைமரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்தவர், பைக்கோடு லாரியில் மோதியவர் என்று பலரும் அங்கே வந்து மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள்.

நிலையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸும் அப்படி விழுந்தவர்தான். கேரளத்தின் செராயில் பிறந்தவர். 1954இல் நடந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். இன்று அந்த நிலையத்துக்கு அவர் பெயர்தான்.

சரி, பயிற்சி முடிந்து ஊருக்குப் போனவர் என்ன செய்வார்? நிலையத்தின் சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடிய வீல்சேர், தெருவில் இறங்கியதும் மணலில் புதையும். கடைத்தெரு ஒண்ணரை கிலோமீட்டர். வேலை, ரேஷன், கல்யாணம், சாவு எல்லாமே அதைத் தாண்டித்தான். இந்த இடைவெளியை நம் ஊரில் நிரப்பியது மூணு சக்கர சைக்கிள். மார்புக்கு எதிரே கையால் சுற்றும் பெடல், அதிலிருந்து சக்கரத்துக்கு ஒரு செயின். ஃப்ரீவீல், பேரிங் குண்டு, டியூப் என்று அதன் பெரும்பாலான பாகங்கள் சாதாரண சைக்கிளுக்குரியவை. எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

இந்த வண்டிக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1655இல் ஜெர்மனியில், நியூரம்பெர்க் நகருக்கு அருகே இருந்த கடிகாரக்காரர் ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர், கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் வழியே நகரும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகவே செய்தார். அவரால் நடக்க முடியாது. கடிகாரத்தில் பழகிய பல்சக்கரத்தைத்தான் வண்டிக்குள் கொண்டுவந்தார்.

மின்சாரம் வந்த கதையும் இதே மாதிரிதான். 1881 ஏப்ரலில் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே ஓட்டிக்காட்டிய மின்வண்டி, உலகின் முதல் மின்வண்டிகளில் ஒன்று. அதற்காக அவர் புதிதாக வண்டி எதுவும் வடிக்கவில்லை. இங்கிலாந்தில் செய்த பெடல் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை எடுத்தார், சிறு மோட்டார்களைப் பொருத்தினார், மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய பேட்டரிகளை ஏற்றினார். அவ்வளவுதான். அந்த ஈய பேட்டரி 1859இல் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தது. நம் ஊர் மூணு சக்கர வண்டியின் சீட்டுக்கு அடியில் இன்றைக்கும் அதன் வாரிசு உட்கார்ந்திருக்கிறது.

பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டுவது ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத் தார் ரோட்டில் மணிக்கு 6 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 30 வாட் போதும். கை நாள் முழுக்கத் தரக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். மணிக்கு 15 கி.மீ. என்றால் 110 வாட் வேண்டும். காட்பாடி ரயில்வே மேம்பாலம் மாதிரி ஏற்றம் வந்தால், 20 அடிக்கு ஒரு அடி உயர்கிறது என்று வைத்தாலும், 10 கி.மீ. வேகத்துக்கே 200 வாட்டைத் தாண்டும். மனிதத் தோளால் அது ஆகாது. கால் செய்யவேண்டிய வேலையையும் சேர்த்துச் செய்யும் தோள் சில வருஷத்தில் தேய்ந்துபோகும். தோளும் போனால் அப்புறம் படுக்கைதான்.

ஒரு 250 வாட் மோட்டார் இந்தக் கணக்கை மாற்றிவிடும். முன்சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மோட்டார், கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர் பிடி, 12 வோல்ட் 20 ஆம்பியர் பேட்டரி இரண்டு. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யாமல் ஓட்டினாலும் ஏறத்தாழ 20 கி.மீ. போய்வரலாம். சட்டத்துக்குப் பழைய சைக்கிள் குழாய், சக்கரத்துக்குப் பழைய ரிம். வெல்டிங் பட்டறையும் சைக்கிள் கடையும் சேர்ந்தால் வண்டி தயார்.

"ஓடுதா இல்லியா, அத சொல்லுண்ணா" என்று கேட்பார் பட்டறைக்காரர். ஓடும். ஆனால் ஓடுவதோடு விஷயம் முடிவதில்லை. மோட்டாரின் அச்சு தன் முறுக்கத்தாலேயே ஃபோர்க்கின் வாயைப் பிளந்துகொண்டு வெளியே வரும், அதைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புப் பட்டை வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இல்லையென்றால் ஒயர் உரசிய அன்றைக்குத் தீ. பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். மூன்று சக்கரம் வேகமாகத் திரும்பினால் கவிழும், சீட் உயரமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் கவிழும்.

இதெல்லாம் மெக்கானிக் தெரிந்துகொள்ளக்கூடியது. அவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஒன்று உண்டு. ஓட்டுபவருக்கு இடுப்புக்குக் கீழே வலி தெரியாது. சீட்டின் அடியில் துருத்தும் போல்ட் ஒன்று ஒரே மத்தியானத்தில் புண்ணாக்கிவிடும், அவருக்குத் தெரியாது. முதுகுத்தண்டு அடிபட்டவரை விபத்துக்குப் பல வருஷம் கழித்தும் கொல்லக்கூடியது இந்த அழுத்தப் புண்.

வலி இல்லாத உடம்புக்குப் பொருள் செய்வதை வேலூர் வட்டாரம் முன்பே கற்றிருந்தது. தொழுநோயில் உணர்விழந்த பாதத்துக்காகப் பால் பிராண்டும் உடனிருந்தவர்களும் நுண்ணறை ரப்பர் வைத்த செருப்புகளைச் செய்துபார்த்தார்கள். 1951இல் பாகாயம் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில், உணர்வற்ற கைகளுக்கு ஏற்ப உளி, சுத்தியலின் பிடிகளை மாற்றித் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். தோலும் செருப்புமே பிழைப்பாக இருக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் டாக்டரும் கைவேலைக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் வந்த அறிவு அது. மோட்டார் வைத்த மூணு சக்கர வண்டிக்கும் அதே மேசைதான் வேண்டும்.

சட்டம் அந்த மேசையை மதிக்கவில்லை. 1930இல் பிரிட்டனின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 'ஊனமுற்றோர் வண்டி' என்றால் என்னவென்று வரையறுத்தது. அவர்களுக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டியதாக இருக்கவேண்டும், 'வெறுமனே மாற்றியமைத்ததாக' இருக்கக்கூடாது. இந்தச் சொற்கள் 1939இல் நம் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு எழுதிய 1988 சட்டத்திலும் அப்படியே நின்றன. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் அந்த வகை வண்டிக்கே பெயராகிப்போன 'இன்வாகார்' நிறுவனத்தின் தொடக்கம், பெர்ட் கிரீவ்ஸ் என்பவர் கால் செயலிழந்த தன் உறவினரின் நாற்காலியில் ஒரு சின்ன இஞ்சினை மாட்டியதுதான். வெறுமனே மாற்றியமைத்ததுதான் அது!

இந்தியாவில் அரசு உதவி வேறு பாதையில் வந்தது. கான்பூரில் 1972இல் அலிம்கோ நிறுவப்பட்டது. உதவிக் கருவிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் 1981இல் தொடங்கியது. 2014இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மோட்டார் மூணு சக்கர வண்டிக்கு அப்போது 25,000 ரூபாய் மானியம் தரப்பட்டது, பத்து வருஷத்துக்கு ஒருமுறை. ஈய பேட்டரி நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு, மூன்று வருஷம்தான். மிச்சம் ஏழு வருஷம்? வண்டி திண்ணையோரம் நிற்கும். இல்லாவிட்டால் சைக்கிள் கடைக்குப் போகும், அங்கே மாற்றியமைக்கப்படும். 2020இல் சென்னை ஐ.ஐ.டி.யும் நியோமோஷன் நிறுவனமும் வெளியிட்ட நியோபோல்ட், வீல்சேரின் முன்னால் மாட்டிக் கழற்றும் மோட்டார் சக்கரம். ஏற்கெனவே இருப்பதோடு இணைக்கும் நல்ல யோசனை. அன்றைய விலை 55,000 ரூபாய்.

2019 திருத்தத்தில் அந்தப் பழைய சொல் ஒருவழியாகப் போனது. 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்று சட்டமே இப்போது பெயர் சொல்கிறது. 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள் இருக்கும் மின்வண்டி மோட்டார் வாகனமே ஆகாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அதைச் சரிபார்த்துச் சான்று தரவேண்டும். ஆயிரக்கணக்கில் ஸ்கூட்டர் செய்யும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைக்கு அது சாதாரண வேலை. ஒரே ஒரு வண்டியை, ஒரே ஒரு ஆளுக்காகக் கட்டிய பட்டறைக்காரர் எங்கே போவார்? அதனால் அவர் வண்டி சான்றில்லாமல் ஓடுகிறது. அதில் ஃபியூஸ் இருக்கிறதா, சீட் மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்க யாருமில்லை.

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். மாவட்டத்துக்கு மாதம் ஒரு நாள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு ஆய்வாளர், மறுவாழ்வுப் பிரிவிலிருந்து ஒரு தெரபிஸ்ட், பேட்டரி வேலை தெரிந்த ஒரு மெக்கானிக். பிரேக், ஃபியூஸ், அச்சு, சீட் என்று நாலு விஷயத்தைச் சரிபார்த்து ஒரு தாளில் முத்திரை. முதல் நாளைப் பாகாயத்திலேயே வைக்கலாம். வண்டிக்காரர்களுக்கு வழி தெரியும்.