எழுத்தில் இல்லாத உத்தரவு

கால்பந்து என்றால் நமக்கெல்லாம் ஒன்றுதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் மாலை வேளைகளில் நாங்கள் உதைத்து விளையாடியதும் அதுதான். அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணியினர் மேலே பாய்ந்து மடக்குவார்கள். அந்த ஆட்டத்தில் வீரராக இருந்து பயிற்சியாளரான ஒருவரைப் பற்றி அண்மையில் படித்தேன். கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு அவர் கதை மனதை உறுத்துகிறது.

அவர் பெயர் ஃபிரிட்ஸ் பொல்லார்ட். 1894-இல் சிகாகோவில் பிறந்த கறுப்பினத்தவர். தந்தை முடிதிருத்துபவர், தாய் தையல் வேலை செய்தவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். 'ஃபிரிட்ஸ்' என்பது அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் வைத்த பெயர்.

உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நமக்கு அது நல்ல உயரம். அந்த ஆட்டக்காரர்கள் நடுவே சிறிய உருவம். கீழே விழுந்தால் எதிரிகள் வேண்டுமென்றே மேலே விழுந்து நசுக்குவார்கள். அதனால் விழுந்தவுடன் மல்லாந்து, ஆணி வைத்த காலணிகளை மேலே தூக்கிக்கொள்ளப் பழகினார்.

பிரௌன் பல்கலைக்கழக அணிக்காக 1916 புத்தாண்டு நாளில் புகழ்பெற்ற 'ரோஸ் பௌல்' போட்டியில் ஆடினார். அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் யேல், ஹார்வர்டு என்ற இரு பெரிய அணிகளையும் பிரௌன் வென்றது.

பிறகு, டயர் தொழிலுக்குப் பெயர்போன அக்ரன் நகர அணியில் சேர்ந்தார். இன்று என்.எஃப்.எல். என்று உலகம் அறிந்த தொழில்முறைச் சங்கம் 1920-இல் தொடங்கியபோது, ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதல் பட்டத்தை வென்றது அக்ரன். மறு ஆண்டே பொல்லார்ட் ஆட்டக்காரராக இருந்துகொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்றார். அந்தச் சங்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. ஆனால் அதே ஊரில் அவர் உடை மாற்றிக்கொண்டது உரிமையாளரின் சுருட்டுக் கடையில்!

அவர் அழைத்து வந்த ஆட்டக்காரர்களில் ஒருவர், நம் தலைமுறை பாடகராக அறிந்த பால் ரோப்சன்.

1926-ஓடு பொல்லார்டின் என்.எஃப்.எல். வாழ்க்கை முடிந்தது. மற்றக் கறுப்பின வீரர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1934 முதல் 1945 வரை ஒருவர்கூட இல்லை. தடை ஏதும் கிடையாது என்றே உரிமையாளர்கள் சொல்லி வந்தார்கள். உண்மைதான், காகிதத்தில் ஒன்றும் இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு பழைய நினைவு வந்தது. நான் இருந்த ஓர் அலுவலகத்தில் திறமையான ஒரு சக ஊழியரின் பதவி உயர்வுக் கோப்பு எப்போதும் கட்டின் அடியிலேயே கிடக்கும். யாரும் 'கூடாது' என்று குறிப்பு எழுதவில்லை. எழுதியிருந்தால் மேல்முறையீடு செய்திருப்பார். எழுதாததை எதிர்த்து எங்கே மனுப் போடுவது? அந்தக் கட்டை நானும் பல நாள் கையாண்டேன், வாய் திறக்கவில்லை.

பொல்லார்ட் சும்மா இருக்கவில்லை. கறுப்பின வீரர்களைக் கொண்டே சிகாகோவிலும் நியூயார்க்கிலும் அணிகளை நடத்தி, வெள்ளையர் அணிகளோடு மோதவிட்டார். 'எங்களிடம் ஆளில்லையா?' என்று கேட்காமல் கேட்ட கேள்வி அது.

1946-இல் வீரர்களுக்குக் கதவு திறந்தது. பயிற்சியாளர் நாற்காலிக்கோ, ஆர்ட் ஷெல் நியமிக்கப்பட்ட 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொல்லார்ட் அதைப் பார்க்கவில்லை; 1986-இல் தமது 92-ஆம் வயதில் காலமானார். தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2005-இல்.

அதற்கு இரண்டாண்டு முன்பு சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது: தலைமைப் பயிற்சியாளர் இடம் காலியானால் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்றது அன்றைய விதி. விதியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இது எழுத்தில் இருக்கிறது. மீறினால் காட்டிக் கேட்கலாம்.

அந்தச் சக ஊழியர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தக் கதையை முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டியிருப்பேன்.