பலத்த காற்றில் கேரவன் ஏன் தள்ளாடுகிறது? கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டு குடும்பத்தோடு கேரவனில் திருநெல்வேலி திரும்புகிறீர்கள். காவல்கிணறு தாண்டும்போது இடது பக்கம் போகும் லாரியை முந்துகிறீர்கள். லாரியின் முன்பகுதியைத் தாண்டிய நொடியில் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல வண்டி வலது பக்கம் போகிறது. 'ஸ்டீயரிங்ல ஏதோ பிரச்னை' என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் பிரச்னை ஸ்டீயரிங்கில் இல்லை, காற்றில் இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். சாலை தெற்கு வடக்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதனால் வண்டியின் பக்கவாட்டில் நேராக மோதுகிறது.

கேரவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு?

6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் உயரம் என்றால் பக்கச்சுவரின் பரப்பு 15 சதுர மீட்டர். அதன்மீது 50 கி.மீ. வேகக் காற்று நேராக மோதினால், தோராயமாக 175 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. காற்று 70 கி.மீ. ஆனால் விசை கிட்டத்தட்ட 350 கிலோவாகிவிடும். காற்றின் வேகம் கூடும் விகிதத்தைவிட விசை அதிக விகிதத்தில் ஏறுவதால்தான், 'இப்பதான் நல்லா போச்சு, திடீர்னு என்னாச்சு?' என்று ஓட்டுநர்கள் திகைக்கிறார்கள்.

லாரியை முந்தும்போது நடப்பது இன்னொரு சங்கதி. காற்றை எதிர்த்து ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் பிடித்திருப்பீர்கள். லாரியின் மறைவுக்குள் போனதும் காற்று நின்றுவிடும், வண்டி லாரிப் பக்கம் சாயும். மறைவிலிருந்து வெளியே வந்ததும் காற்று மறுபடி அடிக்கும், வண்டி வலது பக்கம் ஓடும்.

கிளம்பும் முன் செலவில்லாமல் செய்யக்கூடியவை

முதலில் சாமான்களைக் கவனியுங்கள். அரிசி மூட்டை, சிலிண்டர், பேட்டரி போன்ற கனமானவை தரையோடு, முன் பின் சக்கரங்களுக்கு இடையில் இருக்கட்டும். மேல் கேரியரில் லேசானவை மட்டும். பின்பக்கம் அதிகம் ஏற்றினால் முன்சக்கரத்தின் மேல் உள்ள எடை குறையும், ஸ்டீயரிங் 'லூசா' இருப்பதுபோலத் தெரியும்.

தண்ணீர்த் தொட்டியை மறக்காதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைபாயும், வண்டியும் சேர்ந்து ஆடும். தொட்டி தாழ்வாக இருந்தால் முழுதாக நிரப்புங்கள், இல்லையென்றால் தேவைக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வடித்துவிடுங்கள்.

அடுத்தது டயர். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், அதனால் ஆட்டம் கூடும். கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவை, டயர் சூடாகும் முன் சரிபாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் டயரின் வயதையும் பாருங்கள். பக்கத்தில் 2320 என்று இருந்தால், 2020ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் தயாரானது என்று பொருள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எடை மேடையில் ஒருமுறை வண்டியை ஏற்றுங்கள். மொத்த எடையை ஆர்.சி.யில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால், எடை எங்கே கூடியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கூடுதல் பாகங்கள் பொருத்தினால் சரியாகிவிடுமா?

ஓரளவுக்குத்தான். தேய்ந்த ஷாக் அப்சார்பர், புஷ், ஸ்டீயரிங் மூட்டுகளை மாற்றி, வழக்கமாக ஏற்றும் எடையோடு வீல் அலைன்மென்ட் பார்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகும் வண்டி சாய்ந்தால், தடிமனான ஆன்டி ரோல் பார் பற்றி யோசிக்கலாம். அது சாய்வைக் குறைக்கும், ஆனால் காற்று பக்கவாட்டில் தள்ளுவதைத் தடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றக் கட்டுப்பாடு விதிப்பதால், எதையும் பொருத்தும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலையில் என்ன செய்வது?

வேகத்தைக் குறையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள், 50 கி.மீ. என்றால் 14 மீட்டர்தான். காற்று தள்ளினாலும் திருத்திக்கொள்ள இடம் கிடைக்கும்.

இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். வண்டி விலகினால் மெதுவாகத் திருப்புங்கள். வெடுக்கென்று ஒடித்தால், காற்று நின்ற நொடியில் எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடும். சடன் பிரேக்கும் வேண்டாம்.

பாலம், மலை இடுக்கு முடியும் இடம், கட்டடங்களுக்கு நடுவே உள்ள திறந்தவெளி ஆகியவற்றுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். இருசக்கர வாகனங்களைத் தாண்டும்போது வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடுங்கள். உங்களை ஓரடி நகர்த்தும் காற்று, அவர்களை அதைவிட அதிகமாக நகர்த்தும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நேராகப் போகவே தொடர்ந்து போராட வேண்டியிருந்தால், அதுதான் நேரம். பெட்ரோல் பங்க் அல்லது கட்டட மறைவில், வண்டியின் முகம் காற்றை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். மரத்தடியும் விளம்பரப் பலகை ஓரமும் வேண்டாம். வெளியே விரித்த கூடாரத் துணியைச் சுருட்டிப் பூட்டுங்கள்.

கிளம்பும் நாளன்று இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் தயார் நிலையில் இருக்க வேண்டும், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். பலத்த காற்றுக்கு அந்த நிறங்கள் வந்திருந்தால், பயணத்தை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். காற்றைக் குறைக்க நம்மால் முடியாது. வேகத்தையும் சுமையையும் குறைக்கலாம், கிளம்பும் நேரத்தை மாற்றலாம்.