சுவிட்சில் ஒரு காவல் பட்டியல்: பொது இணைய இணைப்பில் ஆவணங்களைக் காப்பது எப்படி?

1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் கொத்மலை சமுதாய வானொலிக்கு இணையம் வந்தது. நேயர்களின் கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, வானொலியில் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்களுக்காகக் கணினிகள் வைக்கப்பட்டன.

ஒரு இணைப்பைப் பலர் பகிர்வது அன்று புதுமை. இன்று தோட்ட வாசிகசாலை முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடும் அலுவலகம் வரை அது வழமை. ஆனால் யாரும் வந்து பயன்படுத்தும் கணினியும், வாக்குமூலங்களும் காணி உறுதிகளும் உள்ள கணினியும் ஒரே சுவிட்சில் தடையின்றி இணைந்திருந்தால் ஆபத்து. பொதுக் கணினியில் புகுந்த தீநிரல் ஆவணக் கணினியையும் எட்டிவிடும்.

இதைத் தடுக்க உதவுவதே அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். தரவு சிறு பொதிகளாகப் பயணிக்கிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்பும் முகவரி, சேரும் முகவரி, போர்ட் எண் ஆகியவை உண்டு. இவற்றைப் பட்டியலுடன் ஒப்பிட்டு, சுவிட்ச் பொதியை அனுமதிக்கும் அல்லது மறுக்கும். எல்லா சுவிட்சுகளிலும் இந்த வசதி இல்லை. நிர்வகிக்கக்கூடிய வகையை வாங்க வேண்டும்.

முதலில் இரு பகுதிகளையும் தனித்தனி வீலான்களாகப் பிரிக்க வேண்டும். அலுவலகத்துக்கு 192.168.10.0, பொதுமக்களுக்கு 192.168.20.0 என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பகுதியிலிருந்து சுவிட்சுக்குள் வரும் பொதிகளுக்கான பட்டியல் இப்படி அமையும்:

1. 20இலிருந்து 10க்குச் செல்வதை மறு.
2. முகவரி பெறும் டிஎச்சிபி (67), பெயர் தேடும் டிஎன்எஸ் (53) ஆகியவற்றை அனுமதி.
3. இணையத்தளங்களுக்கான 80, 443 போர்ட்களை அனுமதி.

பட்டியல் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியுடன் வாசிப்பு நின்றுவிடும். ஆகவே 'எல்லாவற்றையும் அனுமதி' என்பதை முதலில் எழுதினால், அதற்குக் கீழுள்ள மறுப்புகள் பயனற்றவை. பெரும்பாலான சுவிட்சுகளில் பட்டியலின் முடிவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு விதியும் உண்டு: மற்ற அனைத்தையும் மறு. இதை மறந்து இரண்டாவது விதியை விட்டுவிட்டால், கணினி இணைந்திருந்தும் எந்தத் தளமும் திறக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய பட்டியல் உரையாடலின் முன்கதையை நினைவில் வைப்பதில்லை. அலுவலகக் கணினி பொதுப் பகுதியிலுள்ள அச்சுப்பொறியை அழைத்தால், அதன் பதிலும் முதலாம் விதியில் சிக்கும். அச்சுப்பொறியை அலுவலகப் பக்கமே வைப்பது எளிது.

பட்டியல் பொதியின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை. 443 வழியாக வரும் நல்ல தளமும் ஏமாற்றுத் தளமும் அதற்கு ஒன்றே. ஒரே வீலானுக்குள் உள்ள கணினிகளுக்கு இடையே செல்வதை, வீலான்களுக்கு இடையே வைத்த பட்டியல் தடுக்காது. ஆவணங்களை மறைகுறியாக்குவதும், பிரதியை வேறிடத்தில் வைப்பதும், சுவிட்சின் கடவுச்சொல்லை மாற்றுவதும் தவிர்க்க முடியாதவை.

வடிகட்டல் எமக்குப் புதிதல்ல. 2007 ஜூனில் தமிழ்நெற் தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவை தடுக்கப்பட்டன. முகவரியையோ பெயரையோ பார்த்து மறுப்பதுதான் இத்தகைய தடைகளின் அடிப்படை. வேறுபாடு, விதிகளை எழுதுவது யார், அவை யாருக்குத் தெரியும் என்பதில்தான்.

ஆகவே உங்கள் சங்கத்தின் பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு விதிக்கும் எதிரே காரணத்தையும் குறித்து வையுங்கள். அமைத்துத் தந்த தொழில்நுட்பவியலாளர் போன பிறகும், யாரைத் தடுக்கிறோம், எதைக் காக்கிறோம் என்பது சங்கத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.