பேரிளம்பெண்ணுக்குப் பின்: ஊவாத் தோட்டப் பெண்களும் ஒரு மறைநோயின் வரலாறும்

மகளிர் பருவத்தைத் தமிழர் ஏழாக வகுத்தனர். பேதை முதலாகப் பேரிளம்பெண் ஈறாகச் செல்லும் அவ்வரிசை நாற்பதாம் வயதோடு முற்றுப்பெறுகின்றது. அதன் பின்னர்ப் பெண்ணுக்குப் பருவப்பெயர் யாதுமில்லை. பெயரற்ற பருவத்தில் வரும் நோயும் பேசப்படாதொழிதல் இயல்பேயாம். மாதவிடாய் நின்றபின் பெண்குறியில் உண்டாகும் வறட்சி அத்தகையது. எரிச்சல், அரிப்பு, கணவனோடு கூடுங்கால் நோவு, அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு என்பன அதன் குறிகள். இந்நோயை மருத்துவ உலகம் உணர்ந்த வகையினையும், அவ்வுணர்வு ஊவாத் தோட்டங்களை அடைந்த வகையினையும் ஈண்டு சுருங்க ஆராய்வாம்.

பண்டைய வடமொழி மருத்துவர் இதனை அறியாதவரல்லர். மாதவிடாய் பன்னிரண்டாம் வயதிலே தொடங்கி ஐம்பதில் ஒழியும் என்றார் சுசுருதர். சரகர் கூறும் இருபது யோனிநோய்களுள் ஒன்று வறட்சியாற் பெயர் பெற்றது. இயற்கை வேகங்களை அடக்குவதால் வாயு சீற்றமுற்று அந்நோயை விளைக்கும் என்பது அவர் கொள்கை. யோனிநோய்களுக்கு எண்ணெய் தோய்த்த துணியை உள்ளிடுதல் அக்காலச் சிகிச்சைகளுள் ஒன்றாகும்.

உண்மைக் காரணம் இருபதாம் நூற்றாண்டிலேயே வெளிப்பட்டது. 1923இல் அமெரிக்காவில் எட்கார் அலன், எட்வர்ட் டொய்சி என்னும் இருவரும் பன்றியின் சூலகத்திலிருந்து எடுத்த சாற்றை, சூலகம் நீக்கிய எலிகளுக்கு ஏற்றினர். அவற்றின் யோனிச் சுவர்க் கலங்கள் மீண்டும் தழைத்தன. ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பின் ஆற்றல் முதன்முதலில் அவ்வுறுப்பிலேயே அளந்தறியப்பட்டது என்பது கருதத்தக்கது. 1929இல் அச்சுரப்பின் ஒருவகை தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. சுரப்புக் குறையவே சுவர் மெலிகின்றது. ஈரமும் காப்பும் குன்றுகின்றன. பாலூட்டும் இளந்தாயரிடத்தும் இது சிலகாலம் நேர்வதுண்டு. 2014இல் வட அமெரிக்க மருத்துவ சங்கங்கள், இந்நோயையும் அதனோடு வரும் சிறுநீர்த் துன்பங்களையும் ஒருசேரக் குறிக்கப் புதுப்பெயர் ஒன்றை ஏற்றன. மேனாட்டார்க்கும் பெயரிடுதல் எளிதாயிருந்ததில்லை போலும்!

நிற்க. ஊவாவை நோக்குவாம். 1886இல் தனி மாகாணமான ஊவாவில், கோப்பி அழிந்தபின் தேயிலை பரவிற்று. பசறை, மடுல்சீமை, ஹப்புத்தளை மலைச்சாரல்களிற் கொழுந்து கொய்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகளே. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டங்களின் மருத்துவ வசதியை ஒழுங்குபடுத்திற்று. 1939இல் பிரசவ நன்மைகள் கட்டளைச்சட்டம் பிறந்தது. இவை பெருநன்மை செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயின் சட்டம் கண்ட பெண் பிள்ளை பெறும் பெண்ணே. மகப்பேறு ஒழிந்தபின்னும் கூடை சுமந்தவள் மருத்துவரின் கண்ணுக்குத் தப்பினாள். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென ‘சுவ நாரி’ சிகிச்சை நிலையங்கள் இலங்கையில் தொடங்கியது 1996இலேதான்.

சரகர் கூறிய வேகத்தடை இங்கு நினைவுக்கு வருகின்றது. மலைச்சாரலில் மலசலகூடம் அருகில் இல்லாமையால் நீரை அடக்கியும், அதற்கஞ்சித் தண்ணீர் பருகாதும் வேலை செய்யும் பெண்கள் பலர். இது வறட்சிக்கு மூலகாரணம் அன்று. எனினும் சுவர் மெலிந்த பருவத்திலே நீர்த்தொற்றுக்கு வழி திறக்கும். ஆகவே கொழுந்து மலைக்கு அண்மையில் ஒரு மலசலகூடம் அமைத்தலும் மருத்துவமேயாம்.

பரிகாரம் அரிதன்று. வாசனைச் சவர்க்காரத்தால் உட்புறம் கழுவுதலைத் தவிர்க்க வேண்டும். நீர் கலந்த வழுக்குக் களிம்பு கூட்டத்தின்போது நோவைத் தணிக்கும். அது போதாவிடின், உள்ளே இடும் சிற்றளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பினை மருத்துவர் விதிப்பர். 2002இல் அமெரிக்கப் பேராய்வொன்று கூட்டுச் சுரப்பு மாத்திரைகளால் மார்புப் புற்றுநோய் கூடுவதைக் காட்டியதும் உலகெங்கும் அச்சம் பரந்தது. உள்ளிடும் களிம்பிலிருந்து இரத்தத்திற் சேர்வது மிகச் சிறிதே. ஆயினும் மார்புப் புற்றுநோய் கண்டவர் மருத்துவரைக் கேளாது அதனைத் தொடலாகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி குருதி கண்டாலும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அது கருப்பைப் புற்றுநோயின் முதற்குறியாகவும் இருத்தல் கூடும்.

இந்நோயைப் ‘பேசத்தகாதது’ என்று ஒதுக்குவார் உளர். நாணம் நற்குணமே, ஆனால் நோயை மறைக்கும் நாணம் உயிரையும் மறைத்துவிடும். சிங்களம் அறியாத தாய் பதுளை வைத்தியசாலையில் மருத்துவர் முன் நிற்குங்கால், இடையிலே மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நம்மிடம் கற்ற பிள்ளையே. அப்பிள்ளையிடம் தாயின் நோவைச் சொல்லச் சொல் இல்லையாயின் நாம் புகட்டிய கல்வியாற் பயன் என்னை? சுகாதார பாடத்திலே இப்பருவத்தையும் சேர்த்து, கூசாது, நல்ல தமிழிலே கற்பிப்போமாக. பேரிளம்பெண்ணுக்கு அப்பாலும் பெண் வாழ்கின்றாள்.