குடிவரவுச் சட்டக் கல்வி: அமெரிக்க ஐக்கிய நாடு

பிற தேசத்தார் ஒரு நாட்டில் புகுவதும் தங்குவதும், அதன் பிரஜைகளாவதும், நாடு கடத்தப்படுவதும் எவ்வெவ்விதிகளுக்கு உட்பட்டவை என்று ஆராயும் இத்துறை, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பெரும்பாலும் முதலாண்டுக்குப் பின் விருப்பப் பாடமாகப் பயிலப்படுகிறது. 1952-இல் இயற்றப்பட்டுப் பன்முறை திருத்தம் பெற்ற குடிவரவு, குடியுரிமைச் சட்டமே இதற்கு ஆதாரம்.

ஆயினும், இப்பாடத்தின் உயிர்நிலையை அறிய விழைவோர் 1889-ஆம் ஆண்டின் ஒரு வழக்கிலிருந்தே தொடங்குதல் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, மீண்டு வருவதற்குரிய அரசாங்கச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டே தாயகம் சென்ற சே சான் பிங் என்னும் சீனத் தொழிலாளி, திரும்பும் வழியில் நடுக்கடலில் இருக்கையிலேயே அத்தகைய சான்றிதழ்களை எல்லாம் செல்லாதவையாக்கிய சட்டம் பிறந்துவிட்டமையால், துறைமுகத்தில் தடுக்கப்பட்டார். அந்நியரை விலக்குவது தேசத்தின் இறைமையில் அடங்கிய அதிகாரம் என்று கூறி, உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டைத் தள்ளியது. இத்தத்துவம் இன்றளவும் முற்றாகக் கைவிடப்படவில்லை என்பதே மாணாக்கரை முதலில் திடுக்கிடச் செய்வது, அத்திடுக்கீடு நியாயமானதே.

1898-இல், சீனருக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த மகன் பிறப்பாலேயே பிரஜை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1923-இல், பகத் சிங் திந்து என்ற இந்தியர் வெள்ளையர் அல்லர் என்னும் காரணத்தால் அவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. 1946-இல் அத்தடை நீங்கியபோதும் இந்தியருக்கென ஒதுக்கப்பட்டது ஆண்டுக்குச் சுமார் நூறு குடிவரவு இடங்களே. பூர்வீக தேசத்தை வைத்து இடம் வகுத்த முறையை 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. எனினும், குடும்ப உறவாலும் வேலையாலும் வழங்கப்படும் நிரந்தர வாச உரிமையில் எந்த ஒரு நாட்டாரும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் பெறலாகாது என்னும் பொதுவரம்பு நிற்பதால், இந்தியப் பொறியாளர் பலர் பல்லாண்டுகள் காத்திருக்கின்றனர். இத்தகைய கொள்கை வினாக்களை ஆய, பொருளாதாரமும் மக்கள்தொகையியலும் துணைக்கு வருகின்றன.

நாடு கடத்தும் வழக்குகளில் அரசாங்கச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தும் பொது உரிமை இல்லை. ஆதலின், பல கல்லூரிகளில் மாணாக்கரே ஆசிரியர் மேற்பார்வையில் வழக்காடும் சட்ட உதவி நிலையங்கள் இக்கல்வியின் தலையாய அங்கமாயின. ஹார்வர்டில் அத்தகைய நிலையம் 1984-இல் தோன்றியது. இந்நிலையங்கள் கையாளும் தஞ்சக் கோரிக்கைகளைப் பொறுத்தவரை, துன்புறுத்தப்படுவதற்குப் பத்தில் ஒரு பங்கு சாத்தியமிருப்பினும் அகதியின் அச்சம் ஆதாரமுடையதாகலாம் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஆயினும், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறு முரண்பாடும் சாட்சியின் நம்பகத்தைக் கெடுக்கக்கூடும். எனவே, மொழிபெயர்ப்பாளர் அருகிருக்க, அடிபட்ட நாளையும் சிறை புகுந்த மாதத்தையும் தஞ்சம் கோருபவரிடம் பொறுமையோடு பன்முறை கேட்டு, அவர் வாக்குமூலத்தை வரி வரியாக எழுதித் திருத்துவதிலேயே மாணாக்கரின் பருவம் பெரும்பாலும் கழிகிறது.