வளைகோட்டின் வம்சாவளி

ஏறாவூர் வாவிக்கரையிலிருந்து தோணியொன்று புறப்படுகிறது. கம்பை ஊன்றியவுடன் அது பாய்ந்துவிடுவதில்லை. நீரின் தடையை வென்று மெல்ல அசைந்து, பின்னர் விரைந்து, மறுகரை நெருங்கத் தயங்கி நிற்கிறது. இந்த அசைவைத் திரையில் காட்ட முனையும் மாணவன் கணினியில் இரண்டு நிலைகளைக் குறித்தாற் போதும்: புறப்பட்ட இடம், சேர்ந்த இடம். இவற்றைக் 'கீபிரேம்' என்பர். நொடிக்கு 24 படங்கள் வீதம் இரண்டு நொடிப் பயணமாயின், இடையிலுள்ள 46 படங்களையும் இயந்திரமே நிரப்பிவிடும்.

ஆனால் சம இடைவெளியில் நிரப்பினால் அது தோணியல்ல. கயிறு கட்டி இழுக்கப்படும் பெட்டி. அதைத் தோணியாக்குவது 'கேர்வ் எடிட்டர்'. அங்கே கிடையாகக் காலம், நிலைக்குத்தாகத் தூரம். கோட்டின் சரிவே வேகம். புள்ளியின் கைப்பிடியைப் பற்றிக் கிடையாகச் சாய்த்தால் அசைவு மெதுவாகத் தொடங்கும். முடிவுப் புள்ளியில் அளவு மீறி உயர்த்தினாலோ, தோணி கரையேறி மீண்டும் நீருக்குள் இறங்கும்!

இந்தக் கோடு யாருடையது? 1930களில் வோல்ட் டிஸ்னியின் கூடத்தில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டுமே வரைவார். தாளின் ஓரத்தில் ஏணிபோல ஒரு கோடும் சில குறுக்குக் கீறல்களும் இடுவார். கீறல்கள் நெருங்கினால் அசைவு தளரும், விலகினால் விரையும். இன்றைய வளைகோட்டின் பாட்டன் அந்த ஏணியே. அதைப் பார்த்து இடைப்படங்களை வரைந்து குவித்தவர்கள் குறைந்த கூலிக்கு உழைத்த இளைஞர்கள். ஊதியம், திரையில் பெயர், சங்க உரிமை ஆகியவற்றுக்காக 1941இல் அக்கூடத்தின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்.

1969இல் டிஸ்னி ஓவியர் ஒருவர் இம்முறையை விளக்கக் கேட்டவர் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக். அவர் மார்செலி வெய்னுடன் சேர்ந்து, இடைப்பட வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தார். அக்கருவியைக் கொண்டு 1974இல் பீட்டர் ஃபோல்டெஸ் எடுத்த குறும்படத்தின் பெயர் 'பசி'. தின்று தின்று பெருத்தவனை இறுதியில் பட்டினிக் கூட்டம் தின்றுவிடும் கதை அது. உழைப்பவனின் கையை விலக்க வந்த கருவி பேசியது பசியைப் பற்றி!

இயந்திரத்தின்மேல் நமக்குப் பகையில்லை. இடைப்படம் வரைவது மனிதனை வதைக்கும் வேலை. மிச்சமான நேரம் யாருடைய பையை நிரப்பியது என்பதே கேள்வி. கையால் வரையும் வேலையோ பின்னர் கொரியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் மலிவான உழைப்பைத் தேடிச் சென்றது.

கைப்பிடி கொண்ட வளைகோடு பிறந்தது மோட்டார்த் தொழிற்சாலையில். 1959இல் சிட்ரோயன் நிறுவனத்தில் போல் து காஸ்தெல்ஜோ அதன் கணக்கைக் கண்டார். நிறுவனம் அதைத் தொழில் இரகசியமெனப் பூட்டி வைத்தது. பின்னர் ரெனோ நிறுவனத்துப் பியேர் பெசியே தனியே கண்டு வெளியிட்டார். கோட்டுக்கும் அவர் பெயரே நிலைத்தது.

2002இல் வேறொன்று நிகழ்ந்தது. 'பிளெண்டர்' மென்பொருளை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, அதை மீட்க அதன் பயனாளர்கள் ஏழு வாரங்களில் 100,000 யூரோ திரட்டினர். வளைகோட்டைத் திருத்தும் கருவியும், படங்களை ஒன்றிணைக்கும் கருவியும் இன்று அதனுள்ளேயே உள்ளன. சிட்ரோயன் பூட்டி வைத்த வகைக் கணக்கை ஏறாவூர்ப் பாடசாலை மாணவியும் அதன் நிரலைத் திறந்து படிக்கலாம். கட்டணமில்லை.